ஒல்லாந்தர் பாட்டுக்கு நான் எடுத்த மெட்டு

எனக்குச் சரித்திரம் படிப்பிக்கத் தெரியாது என்பதை அந்த வகுப்பு முதல் மாதத்திலேயே தெரிவித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை. வேலணைப் பக்கத்துப் பிள்ளைகள் ரீச்சரை எதிர்த்துப் பேசாதவர்கள். நித்திரைதான் கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடம் அது. ஓலைக் கூரை, அரைச்சுவர், கடற்காற்று வேறு. ஒல்லாந்தர் எதற்காக இலங்கைக்கு வந்தார்கள் என்று கேட்டால் முன்வாங்கில் இருப்பவன் எழுந்து நின்று என் முகத்தையே பார்ப்பான். அவன் முகத்தில் ஒல்லாந்தரும் இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு முன் வந்த பறங்கியரும் இருக்க மாட்டார்கள். இரு என்று சொன்னால் நன்றியோடு இருந்துவிடுவான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. பட்டினத்தில் பிறந்து வளர்ந்து, ஆசிரியர் கலாசாலையில் படித்து முடித்து, முதல் வேலைக்குத் தீவுப்பகுதிக்கு வந்திருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் வாத்தியார் நான் ஒருத்திதான். கோபம் எனக்கு அப்போதே மூக்கு நுனியில். பிள்ளைகள் நித்திரை கொள்வதைப் பார்த்தால் பிரம்பை எடுத்து மேசையில் அடிப்பேன். எழும்புவார்கள், பிறகு மெல்லச் சாய்வார்கள்.

சீனியர் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெண்கள் மூவர். அவர்களில் ஒருத்தி சுருவிலில் இருந்து தினமும் நடந்து வருபவள். கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நான் கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னமே விடையை வைத்துக்கொண்டு இருப்பாள். தமிழும் அப்படித்தான். சரித்திரம் மட்டும் அவள் தலைக்குள் நிற்காது. பறங்கியருக்குப் பின் ஆர் வந்தது என்று கேட்டால் இங்கிலீசுக்காரர் என்பாள், அதற்குப் பின் ஆர் என்றால் பறங்கியர் என்பாள். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் என் மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"ரீச்சர், மற்றப் பாடம் எல்லாம் சரிவந்து சரித்திரத்திலை மட்டும் தவறினால் ஒண்டுக்கும் உதவாதோ?"

"உதவாது பிள்ளை. எல்லாம் ஒரே தரத்திலை சித்தியடைய வேணும். இல்லாட்டி அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம்."

"எங்கடை ஐயா ஒருதரம் தான் விடுவார். பாஸ் பண்ணினால் ரீச்சர் கலாசாலைக்கு விடுறன் எண்டு சொல்லியிருக்கிறார். இல்லையெண்டால் மாத்தறைக்குத்தான்."

"மாத்தறையிலை என்ன?"

"மச்சான்ரை கடை."

அவள் அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் தெற்கே மாத்தறை, கொழும்பு என்று கடை வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு வருவார்கள், போவார்கள். பெண்பிள்ளை ஒன்று சீனியர் வகுப்பு வரைக்கும் வருவதே அரிது. அதற்கு முன்னமே மச்சான்மாருக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இவள் எனக்குப் பின்னால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே ரீச்சராக வரக்கூடியவள். அவளுக்கும் மாத்தறைக்கும் நடுவில் நின்றது என் பாடம் ஒன்றுதான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் கலாசாலையில் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருந்தார்கள். தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போக வேண்டும். பிள்ளைக்கு எது தெரியுமோ அதைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாததைக் காட்ட வேண்டும். சோதனையில் இதை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அவர்களுக்குத் தெரிந்தது பாட்டு. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில், சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு கிராமபோன் பெட்டி வைத்திருந்தார். காலையில் ஊசியை வைத்தாரென்றால் மாலை வரைக்கும் நிற்காது. நாடகப் பாட்டு, டாக்கிப் பாட்டு என்று அவரிடம் ஏழெட்டுத் தட்டு. ஒவ்வொன்றும் கீறல் விழுந்து, இருமி இருமித்தான் பாடும். மண்கும்பான் பக்கத்தில் இருந்து வரும் பெடியன்கள் அந்த இருமலையும் சேர்த்தே பாடுவார்கள். எனக்கு அந்தக் கடையைக் கடந்து போவதென்றால் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு விரைவாக நடப்பது வழக்கம். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் தேவாரம் பாடலாம், திருவாசகம் பாடலாம். நாடகக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

ஒருநாள் பாடத்துக்கு நடுவில் பின்வாங்கில் ஒருவன் மேசையில் தாளம் போட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக என்றால் பிரம்புதான். அன்றைக்கு எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது.

"என்ன பாட்டு அது?"

"சும்மா ஒரு பாட்டு ரீச்சர்."

"முழுக்கப் பாடும், கேட்பம்."

"சொல்லு மறந்துபோச்சு ரீச்சர். மெட்டுத்தான் தெரியும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மறந்துபோனதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

மெட்டை மட்டும் பாடச் சொன்னேன். துள்ளலான மெட்டு. ஒருதரம் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். நடுவில் ஓர் இடத்தில் குரல் மெல்ல இறங்கி, நின்று, பிறகு குபீரென்று எழும்பும். அந்த இடம் வந்ததும் பெடியன்கள் எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றிரவே இருந்து எழுதினேன்.

கறுவா வேண்டிக் கப்பல் விட்டார்
கண்டி ராசாவின் கையைத் தொட்டார்
கோட்டை பிடித்துத் தாரோம் என்றார்
பிடித்த கோட்டையில் தாமே நின்றார்

இப்படிப் பதினாறு அடி. ஒல்லாந்தர் வந்தது, பறங்கியரைத் துரத்தியது, சட்டம் எழுதியது, வாய்க்கால் வெட்டியது, போனது எல்லாம் அடங்கிவிடும். பெரிய கவித்துவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறக்க முடியாது. அடுத்த நாள் வகுப்பில் நான் சொல்லைச் சொன்னேன், அவர்கள் மெட்டைப் போட்டார்கள். பாடுவது அவர்கள் வேலை, மேசையில் தாளம் போடுவது என் வேலை. இரண்டாம் தரம் பாடும்போதே பாதிப் பேருக்குப் பாடமாகிவிட்டது.

சுருவில் பிள்ளை அடுத்த நாள் காலையில் பதினாறு அடியையும் பிழையில்லாமல் ஒப்புவித்தாள். எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும், கண்ணை மூடி உதட்டுக்குள் முதலில் இருந்து ஓடி வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடுவாள். அந்த மாதச் சோதனையில் முதன்முதலாகச் சரித்திரத்தில் பாதிக்கு மேல் எடுத்தாள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பெயர் மாறிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது குறைவு.

பிறகு என்னைப் பிடிக்க ஏலாது. பறங்கியருக்குக் கூத்து மெட்டு, கண்டி ராச்சியத்துக்குக் காவடிச் சிந்து, இங்கிலீசுத் தேசாதிபதிகளுக்குக் கும்மி. ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒல்லாந்தரைத்தான். தலைமை வாத்தியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அறுபதை நெருங்கியவர், திருநீறும் சால்வையும், அதிகம் பேசாதவர்.

"பாடம் நடக்குதோ, ஒத்திகை நடக்குதோ எண்டு தெருவாலை போறவை கேக்கினம், பிள்ளை."

"சோதினை முடிவு வரட்டும் வாத்தியார். அப்ப சொல்லுங்கோ."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், சால்வையைச் சரி செய்தார். பிறகு போய்விட்டார். ஒல்லாந்தர் பாடம் நடக்கும்போது அவர் வகுப்புக்கு வெளியே மெதுவாக நடந்து போவதையும் தலையை ஆட்டுவதையும் கண்டிருக்கிறேன். பிடிக்காமல் ஆட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சித்திரையில் கொழும்பில் குண்டு விழுந்தது. தெற்கே கடை வைத்திருந்தவர்கள் கடையைப் பூட்டிவிட்டும், ஆளை வைத்துவிட்டும் ரெயில் ஏறி ஊருக்கு வந்தார்கள். சுருவில் பிள்ளையின் தகப்பனும் வந்தார். வருடத்தில் பத்து நாள் வீட்டில் இருப்பவர், இப்போது நாள் முழுவதும் வீட்டில். அவர் வந்து இரண்டு கிழமையில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றாள். காய்ச்சல் என்று நினைத்தேன். ஒரு கிழமை போய்விட்டது. சீனியர் சோதனை விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வைத்து மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அவளோடு படிக்கும் பெண்ணைக் கேட்டேன்.

"தேப்பன் மறிச்சுப் போட்டார் ரீச்சர். ஒல்லாந்தர் பாட்டாலை."

"ஒல்லாந்தர் பாட்டுக்கு என்ன?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். பெடியன்களைப் பார்த்தேன். அவர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்த வகுப்பு நிலத்தில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பிரம்பை மேசையில் அடித்து முறித்துவிட்டேன். நேரே தலைமை வாத்தியாரிடம் போனேன்.

அவர் கதிரையில் இருந்து எழுந்து கதவைப் பாதி சாத்தினார். முழுக்கச் சாத்துவதும் சரியில்லை என்று திரும்பத் திறந்தார்.

"அந்த மெட்டு எங்கையிருந்து வந்தது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"கிராமபோனிலை கேட்டதெண்டு பெடியங்கள் சொன்னாங்கள்."

"அது நாடகத்திலை தாசி பாடுற பாட்டு, பிள்ளை. ஒரு செட்டியாரை மயக்கி அவரின்ரை சொத்தெல்லாம் எடுக்கிறாள். அந்த மெட்டு இறங்கி நிக்கிற இடம் இருக்கெல்லோ, அதிலைதான் அவள் செட்டியாரின்ரை கையைப் பிடிக்கிறது. கொட்டகை முழுக்க விசிலடிக்கும்."

நான் அந்த இடத்துக்குக் கண்டி ராசாவின் கையைப் போட்டிருந்தேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே வாத்தியார்?"

"பெண்பிள்ளையிட்டை இந்தக் கதையை நான் என்னெண்டு சொல்லுறது?"

அவருக்கு அந்த விசில் எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. கேட்கவில்லை. அவரும் இளமையில் பார்த்திருப்பார். ஒருதரம் அல்ல, பலதரம் பார்த்திருப்பார். தலையை ஆட்டியது பிடிக்காமல் அல்ல, ரசித்துத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ஆக, என் வகுப்புக்குத் தெரியும், தலைமை வாத்தியாருக்குத் தெரியும், தெருவால் போனவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். கொட்டகைக்கு ஒருநாளும் போயிராத நானும், கடைக்கு வெளியே நடந்து போகும்போது மெட்டை மட்டும் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளையும்.

சனிக்கிழமை காலையில் விண்ணப்பத் தாளையும் எடுத்துக்கொண்டு சுருவிலுக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் தகப்பனோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே போனேன். சொல்லுக்குத்தானே பொருள், மெட்டுக்கு ஏது பொருள்? அதில் ஒரு கூடாத சொல் காட்டுங்கள் பார்ப்போம். ஒல்லாந்தர் என்ன தாசியா? இப்படியெல்லாம் நல்ல நல்ல கேள்வியாக வைத்திருந்தேன். மனிதரைக் கண்டதும் பாதிச் சண்டை போய்விட்டது. முரடர் என்று எதிர்பார்த்தேன். மெலிந்த, மரியாதையான மனிதர். படலைக்கு வந்து கூட்டிக்கொண்டு போய் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். சீனி கிடைக்காத நாள், பனங்கட்டியோடு தேத்தண்ணி வந்தது. தாய் குசினி வாசலில் நின்றாள். பிள்ளை உள்ளே.

"ரீச்சர் பிள்ளைக்காகப் பாடுபடுறியள் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "எனக்குப் படிப்பிலை கோவம் இல்லை."

"அந்தப் பாட்டிலை ஒரு பிழையான சொல்லும் இல்லை. முழுக்கச் சரித்திரம். நான் எழுதினது."

"ஓம், கேட்டனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். சொல்லு உங்கடை தான் ரீச்சர். மெட்டு அந்த நாடகத்துக்காரியின்ரை. இஞ்சை ஆரும் சொல்லைக் கேக்கிறேல்லை. என்ரை பிள்ளை தேங்காய் திருவிக்கொண்டு இந்தப் பாட்டைப் பாட, வேலிக்கு அங்காலை போற பெடியன் விசிலடிக்கிறான். எந்த இடத்திலை விசிலடிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ?"

நான் விண்ணப்பத் தாளின் மடிப்பை நீவினேன்.

"ஒல்லாந்தர் கறுவா வேண்டினதெண்டு அவனுக்கு ஆர் விளங்கப்படுத்துறது? இப்ப இவளின்ரை தாயும் இதைத்தான் முணுமுணுக்கிறா."

குசினி வாசலில் நின்ற தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்த மனிதர் சொல்வது நியாயமா அநியாயமா என்றே எனக்குப் பிடிபடவில்லை. விசிலடித்தவன் குற்றவாளி, பிள்ளை இல்லை என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அது தோன்றவில்லை.

விண்ணப்பத் தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். இந்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றேன். பாட்டை விட்டுவிடுகிறேன், பிள்ளையைத் திரும்ப விடுங்கள் என்றேன். அவர் தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, முழுவதையும் வாசித்தார். கடைக்காரர், வாசிக்காமல் எதிலும் கை வைக்க மாட்டார்.

"சரி. நான் ஒரு வழி சொல்லுறன், கேளுங்கோ. பிள்ளை இதிலை வந்து நிண்டு, அந்தப் பாடத்தைப் பாட்டில்லாமல் வசனமாச் சொல்லட்டும். ஒல்லாந்தர் ஏன் வந்தவை, என்ன செய்தவை, எப்பிடிப் போனவை. சொன்னாளெண்டால் படிப்பு ஏறியிருக்கு. இப்பவே கையெழுத்து வைக்கிறன், திங்கட்கிழமை வருவாள். சொல்ல ஏலாட்டில், ஏறினது பாட்டுத்தான். அதுக்கு நான் பள்ளிக்கூடம் விடத் தேவையில்லை."

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. நான் சந்தோஷமாக ஓம் என்றேன். பதினாறு அடியையும் பிழையில்லாமல் ஒப்புவித்தவள் அல்லவா?

பிள்ளை வந்து அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு தகப்பனைப் பார்த்துத் தொடங்கினாள்.

"ஒல்லாந்தர்... ஒல்லாந்தர் கறுவா..."

நின்றுவிட்டாள். திரும்பத் தொடங்கினாள். "கறுவாவுக்காகக் கப்பலிலை..." திரும்ப நின்றாள். அவளுடைய விரல் கதவு நிலையில் தாளம் போடத் தொடங்கியது. தகப்பன் விரலைப் பார்த்தார். அவள் கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். தாளம் போனதும் எல்லாமே போய்விட்டது. வாய் திறந்தபடி நின்றது, ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே எல்லாம் இருந்தது, ஆண்டு முதற்கொண்டு இருந்தது. இழுத்து எடுக்கக் கயிறு இல்லை.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் யாராவது தடக்குப்பட்டால் முதல் அடியை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு தண்ணீர் ஓடுவதைப் போல ஓடும். முதல் அடி போதும். முதல் அடிகூட வேண்டாம், மெட்டை வாய்க்குள் முனகினாலே போதும். ஒருதரம் பிடித்துக்கொண்டால் அவள் அதை வசனமாக மாற்றிச் சொல்லிவிடுவாள், கணக்கு மூளை. தகப்பன் மறுத்திருப்பாரோ, தெரியாது. நியாயமான மனிதர், விட்டிருக்கவும் கூடும்.

எனக்குப் பக்கத்தில் பனங்கட்டித் தேத்தண்ணி. முன்னால் அந்த மனிதர். வேலிக்கு அப்பால் காது. மெட்டு என் தொண்டையில் வந்து நின்றது உண்மை. ஆனால் இப்போது எனக்கும் அது தாசியின் மெட்டாகத்தான் கேட்டது. பெட்டைப் பிள்ளை ஒன்று, அதுவும் ரீச்சர், ஆம்பிளைக்கு முன்னால் விறாந்தையில் இருந்து தாசிப் பாட்டு முனகினாள் என்று பின்னேரத்துக்குள் ஊர்காவற்றுறை வரைக்கும் போய்விடும். வேலை போகும் என்று பயந்தேனா, வெட்கப்பட்டேனா, அல்லது தகப்பன் சொன்னது சரி என்று அந்த நேரம் நானே நம்பிவிட்டேனா? இத்தனை வருடமாக யோசித்தும் எனக்குப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒருநாள் ஒன்று என்று தோன்றும், மறுநாள் மற்றது.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தகப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவருக்கும் அவள் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு தாளை மடித்து என்னிடம் தந்தார்.

"ஆறப்போகுது ரீச்சர், குடியுங்கோ," என்றார்.

கதையின் ஒழுங்கு பிசகினாலும் சோதனையை இப்போதே சொல்லி முடித்துவிட வேண்டும். மார்கழியில் இருபத்தொரு பேர் எழுதினார்கள். மண்டபத்துக்கு வெளியூரில் இருந்து வந்த மேற்பார்வைக்காரர், சரித்திரப் பாடத்தன்று பிள்ளைகள் எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு எழுதியதைப் பார்த்துப் பயந்து, மந்திரமா என்று தலைமை வாத்தியாரைக் கேட்டாராம். முடிவு வந்தபோது சரித்திரத்தில் ஒருவரும் தவறவில்லை. அந்த மெட்டை நான் அதற்குப் பிறகு வகுப்பில் எடுக்கவே இல்லை, ஆனால் அவர்கள் மறந்தால்தானே. தலைமை வாத்தியார் எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார். பட்டினத்தில் வாத்தியார்மார் கூட்டம் ஒன்றில் என் முறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போய்ப் பேசினேன். தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். காவடிச் சிந்தையும் கும்மியையும் உதாரணம் காட்டினேன், ஒல்லாந்தரைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் செய்தது நல்ல வேலையா கெட்ட வேலையா என்று அந்தக் கை தட்டலுக்கு நடுவில் எனக்கே விளங்கவில்லை. அடுத்த தை மாதத்தில் சுருவிலில் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். தேத்தண்ணியைக் குடித்தேன். போய் வருகிறேன் என்று சொல்லி எழுந்து நடந்தேன். படலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பிள்ளை, நான் கதிரையோடு சாத்தி வைத்து மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தகப்பன்தான் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

குடையை வாங்கினேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் இருந்தே படியும், நான் புத்தகம் அனுப்புகிறேன் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், அது கூடாத பாட்டோ?"

"ஆர் சொன்னது? இல்லைப் பிள்ளை. ஒரு கூடாததும் இல்லை. நீர் ஒரு பிழையும் செய்யேல்லை."

அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. தலையை ஆட்டினாள். திரும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. கணக்கில் ஒரு படி விளங்காவிட்டால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பாளே, அப்படி நின்றாள்.

"அப்ப ஏன் ரீச்சர் நீங்கள் பாடேல்லை?"

அவள் என்னைக் குறை சொல்லிக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை, நான் விளங்கப்படுத்துவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். நான் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.